அந்த வெண்கலம் வெறும் ஆறுதல் பரிசு அல்ல

'1988-லேயே ஒலிம்பிக் கூடைப்பந்தில் தங்கம் வாங்கிய லிதுவேனியா, 1992-ல் வெண்கலத்தை அப்படிக் கொண்டாடியது மிகை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 1988 சியோல் ஒலிம்பிக் தங்கம் சோவியத் யூனியனுடையது. சபோனிஸ், மார்சியுலியோனிஸ் உட்பட நான்கு லிதுவேனியர்கள் அதில் முக்கிய ஆட்டக்காரர்கள், சரி. ஆனால் ஏறியது சோவியத் கொடி.

1990-ல் சோவியத் யூனியனிடமிருந்து விடுதலையை அறிவித்த நாடு, 1992 பார்சிலோனாவில்தான் முதல்முறையாகச் சொந்தப் பெயரில் ஒலிம்பிக் கூடைப்பந்து ஆடியது. வெண்கலப் போட்டியில் எதிரே நின்றது யார்? முன்னாள் சோவியத் குடியரசுகளின் கூட்டணி! லீக் சுற்றில் தங்களைத் தோற்கடித்த அதே அணியை 82-78 என்று வென்றார்கள். தங்கள் கொடியின் மஞ்சள், பச்சை, சிவப்பு சாயம் குழைந்த டி-ஷர்ட்டோடு மேடை ஏறிய அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். அந்தச் சிரிப்பை மிகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.