எந்த என்சைம் என்று கேளுங்கள்

மெடிக்கல் ஷாப்பில் போய் வயிறு உப்புசம் என்று சொன்னால் போதும், என்சைம் (உணவைச் செரிக்க உடைக்கும் நொதி) சிரப் ஒன்றை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் இதை மாதக்கணக்கில் குடிக்கிறார்கள். 'உங்களுக்கு என்சைம் குறைவு' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எந்த என்சைம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பவை டயஸ்டேஸும் பெப்சினும். ஒன்று மாவுச்சத்தை உடைக்கும், இன்னொன்று புரதத்தை. கணையமும் இரைப்பையும் ஒழுங்காக இருப்பவருக்கு இரண்டுமே உடம்பில் தாராளமாகச் சுரக்கின்றன. ஐபிஎஸ்காரரைப் படுத்துவது வேறு சங்கதி. பாலில் உள்ள லாக்டோஸை உடைக்க லாக்டேஸ் வேண்டும். உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது வயது ஏற ஏறக் குறைந்துவிடுகிறது. பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரையை உடைக்கும் என்சைம் நம் சிறுகுடலில் யாருக்குமே இல்லை. வெங்காயம், பூண்டில் இருக்கும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலிக்கும் அதே கதைதான். இவை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. சாம்பார் சாப்பிடும் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் மற்றவர் கவனிக்காமலே விட்டுவிடும் அந்த வாயு, ஐபிஎஸ்காரருக்கு வலியாகிறது. குடல் நரம்புகள் அவ்வளவு கூர்மையாகிக் கிடக்கின்றன.

ஏன் அப்படி? இங்கேதான் என்சைம் கதை தலைகீழாகிறது. 2007இல் வந்த ஓர் ஆய்வில், ஐபிஎஸ் நோயாளிகளின் குடல் திசுவிலிருந்து கசிந்த திரவத்தை எலிகளின் குடலுக்குள் செலுத்தினார்கள். எலிகளுக்கு வலியுணர்வு கூடியது. புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் என்சைம்களைத் தடுத்ததும் அந்த விளைவு அடங்கியது. மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் விடும் டிரிப்டேஸ் போன்ற புரோட்டியேஸ்கள், நரம்பில் உள்ள பார்-2 என்ற ஏற்பியைச் (சமிக்ஞையை வாங்கும் புரதம்) சீண்டிவிடுகின்றன. அதாவது, சிலருக்குப் பிரச்சினை என்சைம் குறைவே அல்ல, அடங்காத என்சைம். சிரப் கம்பெனிகள் இதைப் பற்றி ஏன் பேசப்போகின்றன!

என்சைமே வீண் என்று சொல்லவில்லை. பால் மட்டும்தான் ஆகவில்லை என்றால் லாக்டேஸ் மாத்திரை உதவும். தயிர் பலருக்கு அதுவும் இல்லாமலே ஒத்துக்கொள்ளும், அதன் பாக்டீரியாக்களே லாக்டேஸ் வேலையைச் செய்துவிடுவதால். கணையம் நிஜமாகவே பழுதானவருக்குக் கணைய என்சைம் மாத்திரை அவசியம். கணையம் பழுதா என்பதை மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்சைமின் அளவு பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அப்புறம், மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இதில் ஏதாவது இருந்தால் சிரப்பும் வேண்டாம், என் பதிவும் வேண்டாம். நேரே குடல் மருத்துவரிடம் போங்கள்.