லூசில் வாங்கிய வீடு

பெரிய மனிதர்கள் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போவதில் எனக்கு ஆர்வம் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு ஜோடிச் செருப்பு, சுவர் நிறையப் பரிசு வாங்கும் படங்கள், 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. பத்தாவது நிமிடம் டீக்கடை எங்கே என்று கண் தேடும். நியூயார்க்கில் கறுப்பின ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீட்டுக்கும் அந்த அலுப்போடுதான் போனேன். மகள் இழுத்துக்கொண்டு போனாள். அவளிடம் தோற்றுவிட்டேன் என்பதை ஊரறிய இங்கே எழுதிவைக்கிறேன்.

குயின்ஸ் பகுதியில் கொரோனா என்று ஓர் இடம். (பெயருக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை.) 7ஆம் எண் ரயிலில் இறங்கினால் கடைப் பலகைகளில் பாதிக்கு மேல் ஸ்பானிய மொழி. கொஞ்ச தூரம் நடந்து 107ஆவது தெருவுக்குள் திரும்பினால், நெருக்கி நிற்கும் சின்னச் சின்ன வீடுகளுக்கு நடுவில் ஒரு செங்கல் வீடு. உலகம் முழுக்க டிரம்பெட் வாசித்த மனிதர் 1943 முதல் 1971 ஜூலையில் கண்மூடும்வரை குடியிருந்தது இங்கேதான் என்றால் என்னால் நம்ப முடியவில்லை.

அவராலேயே நம்ப முடியவில்லையாம். வீட்டை வாங்கியது அவர் மனைவி லூசில். அப்போது கணவர் ஊர் ஊராகக் கச்சேரியில் இருந்தார். திரும்பி வந்தவர் கையில் விலாசத்தோடு டாக்சி பிடித்திருக்கிறார். ஓட்டுநர் இந்த வாசலில் நிறுத்தியதும், "விளையாடாதே, சரியான விலாசத்துக்குப் போ" என்றிருக்கிறார். தன் வீட்டு அழைப்புமணியை விருந்தாளிபோலத் தயங்கி அழுத்திய மனிதர்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் படு ஏழ்மையான பகுதியில் 1901இல் பிறந்தவர். சிறு வயதிலேயே சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர். பிறகு புகழ் வந்தது, கூடவே ஓட்டல் அறைகளும் வந்தன. நியூயார்க்கின் காட்டன் கிளப் என்ற கேளிக்கை விடுதியில் முன்பு நடனமாடிய லூசிலை 1942இல் மணந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஓட்டல் அறையில் லூசில் ஒரு சின்ன மரத்தை அலங்கரித்து வைத்தார். நாற்பதைத் தாண்டிய கணவருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் கிறிஸ்துமஸ் மரம். படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அடுத்த ஊருக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாராம். இந்த மனிதருக்கு ஒரு வீடு வேண்டும் என்று அந்தப் பெண் முடிவு செய்ததில் என்ன ஆச்சரியம்?

உள்ளே போனால் எல்லாம் லூசிலின் கைவண்ணம். குளியலறையில் எங்கு திரும்பினாலும் கண்ணாடி, தங்க முலாம் பூசிய குழாய்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது; அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சமையலறை! மயில் கழுத்து நீலத்தில் பளபளக்கும் அலமாரிகள், மேடையோடு மேடையாகப் பதித்த மிக்சி, சொல்லிச் செய்வித்த பெரிய அடுப்பு. ஐம்பது ஆண்டுக்கு மேல் பழைய சமையலறை. இன்றைக்குக் குழாயைத் திறந்து அரிசி களையலாம் போல இருக்கிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். வழிகாட்டி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

மாடியில் அவருடைய அறையில் டேப் ரெக்கார்டர்கள். ஆம்ஸ்ட்ராங்குக்கு எதையும் பதிவு செய்யும் பழக்கம்: நண்பர்களோடு அரட்டை, சாப்பாட்டு மேசைப் பேச்சு, பழைய இசைத்தட்டுகளோடு சேர்ந்து வாசித்தது. நூற்றுக்கணக்கான நாடாக்கள். அவற்றின் பெட்டிகளைப் படங்களை வெட்டி ஒட்டி அவரே அலங்கரித்திருக்கிறார். சுற்றிக்காட்டும்போது அந்தப் பதிவுகளில் சிலவற்றை ஒலிக்கவிடுகிறார்கள். ஆளில்லாத அறையில் அந்தக் கரகரத்த குரல் சிரிக்கிறது. மேடையில் பல்லைக் காட்டி வெள்ளைக்காரர்களை மகிழ்வித்தவர் என்று அவரை இளக்காரமாகப் பேசியவர்கள் உண்டு. லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்களை வெள்ளையர் பள்ளிக்குள் விடாமல் தடுத்த பிரச்சினையில் 1957இல் அமெரிக்க அதிபர் ஐசனோவரை வெளிப்படையாகத் திட்டியவரும் இவர்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வசதி வந்த பிறகும் அவர் இந்தத் தெருவை விட்டுப் போகவில்லை. சுவருக்குச் செங்கல் முகப்பு வைத்தபோது, தன் வீடு மட்டும் உயர்ந்து தெரியக்கூடாது என்று பக்கத்து வீட்டாருக்கும் வைத்துத் தருவதாகச் சொன்னாராம். வழிகாட்டி சொன்ன கதை இது. மாலையில் வாசற்படியில் உட்கார்ந்தால் தெருப்பிள்ளைகள் சுற்றிக்கொள்வார்கள். அப்படி ஒரு புகைப்படம் இருக்கிறது. அந்தப் படியில் நானும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன்.

கணவர் இறந்த பிறகு லூசில் 1983வரை இருந்தார். வீட்டைப் பங்கு போடவோ விற்கவோ இல்லை. நியூயார்க் நகரத்துக்கே எழுதி வைத்தார். அருங்காட்சியகமாகத் திறந்தது 2003இல். எதிர்ச்சாரியில் 2023இல் புதிய மையம் ஒன்றும் வந்துவிட்டது.

எனக்கு ஒரே ஒரு குறை. தேடி வாங்கியவர் லூசில், அலங்கரித்தவர் லூசில், காப்பாற்றிக் கொடுத்தவர் லூசில். அருங்காட்சியகத்தின் பெயரில் லூயி மட்டும்தான் இருக்கிறார். கிளம்பும் முன் அந்த அடுப்பை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துப் போய்ப் பார்த்தேன். செய்து கொடுத்த கம்பெனி அதில் ஒரு தகடு பதித்திருக்கிறது: 'திரு., திருமதி லூயி ஆம்ஸ்ட்ராங்குக்காக.'

மகள் அதை வாசித்துவிட்டு, "அடுப்பில்கூடவா அப்பா?" என்றாள்.