அம்மா அடுப்படிக்கு வராத பொங்கல்

இந்த வருடம் பொங்கலுக்கு மயிலாடுதுறை வீட்டில் பதினோரு பேர் கூடினோம். போகி புதன்கிழமை, காணும் பொங்கல் சனிக்கிழமை, கூடவே ஞாயிறும் சேர்ந்துகொண்டது. சென்னை, கோவை, ஓசூர் என்று பிரிந்து கிடக்கிற எல்லோரும் ஒன்றாக வந்து சேர்ந்ததில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

போகி அன்று சாயங்காலம் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார். பாகு பதம் கொஞ்சம் இளகிவிட்டதால் மாவு எண்ணெயில் பிரிந்தது. அதை அரிகரண்டியால் அள்ளும்போது எண்ணெய் அம்மாவின் வலது மணிக்கட்டில் தெறித்துவிட்டது. ஒருவர் பற்பசையோடு ஓடி வந்தார், இன்னொருவர் மாவைப் பூசச் சொன்னார். அண்ணிதான் எல்லோரையும் விலக்கினார். இருபது நிமிடம் கைமேல் தண்ணீர் ஓட வேண்டும், வேறு எதையும் தடவக் கூடாது என்றார். குழாயைத் திறந்தால் வெறும் காற்று! மோட்டார் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் ஏற்றவில்லை, யாரும் கவனிக்கவில்லை. நல்லவேளையாகக் கொல்லையில் பழைய அடிபம்பு இருக்கிறது. அண்ணன் அடிக்க அடிக்க, அம்மா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொப்புளம் சின்னதாகத்தான் வந்தது.

மோட்டாரை அத்தான் பார்த்தார். தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கக் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வில் ஏதோ சிக்கி, குழாயில் நின்ற தண்ணீர் முழுக்க இறங்கியிருந்தது. பண்டிகை நாளில் பிளம்பர் எங்கே வருவார்? புனல் வைத்துக் குடம் குடமாக ஊற்றினோம். ஆறாவது குடத்தில் தண்ணீர் நின்று, மோட்டார் இழுக்க ஆரம்பித்தது.

சரி, இந்தப் பொங்கலுக்கு அம்மா அடுப்படிப் பக்கம் வரக் கூடாது, வருடா வருடம் அவரோடு நிற்கிற அண்ணிக்கும் அக்காவுக்கும் என் மனைவிக்கும்கூட ஓய்வு, சமையல் முழுக்க நாங்கள் மூன்று ஆண்கள் என்று முடிவானது. மறுநாள் வாசலில் பொங்கல் வைத்துவிட்டோம். பால் பொங்கியது, குழந்தைகள் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். பல காய்க் கூட்டுக்குக் கருணைக்கிழங்கு நறுக்கியதில் எனக்கு முழங்கை வரை அரிப்பு. நறுக்குவதற்கு முன்னால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டுமாம். அம்மா சொல்லித்தான் புளித் தண்ணீரில் கழுவினேன்.

மூன்று பேருக்கும் வேலை செய்யத் தெம்பு இருந்தது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கூடத்துக்குப் போய் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். கொத்துமஞ்சள் எங்கே? மாட்டுப் பொங்கல் அன்று பால்காரர் வருவாரா? வரமாட்டார், முதல் நாளே கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும் என்று அம்மா திங்கட்கிழமையே சொல்லி வைத்திருந்தார். சித்தப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத காபி. அக்கா மகனுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது, முந்திரி போடுவதற்கு முன்பே அவனுக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இதெல்லாம் எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் இத்தனையையும் அம்மா மனதிலேயே சுமந்துகொண்டிருக்கிறார்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். அதே வேலை செய்கிற ஆண்களுக்கு 88 நிமிடம். படித்தபோதே வலித்தது. இப்போது இன்னொன்றும் தோன்றுகிறது: காபி ஆற்றிக்கொண்டே நாளைக்குப் பாலை யோசிக்கிற அந்த யோசனையை எந்த நிமிடத்தில் சேர்ப்பது?

"என்ன செய்யணும்னு சொல்லும்மா, செய்றேன்" என்று கேட்பதைப் பெரிய உதவி என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அப்படிக் கேட்கிறவர் கைவேலையை மட்டும் வாங்கிக்கொள்கிறார். யோசித்து, நினைவு வைத்து, நேரம் பார்த்துச் சொல்கிற பொறுப்பு அம்மாவிடமே தங்கிவிடுகிறது. பால் என்னுடையது என்றால், பால்காரரிடம் சொல்வதிலிருந்து பால் பாத்திரம் கழுவுவது வரை அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அம்மாவுக்கு அதுதானேப்பா சந்தோஷம்" என்றார் சித்தப்பா. அதிரசம் சுடுவது அம்மாவுக்குச் சந்தோஷம்தான், அதை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் பதினோரு பேரின் காபிக் கணக்கை நினைவில் வைத்திருப்பதில் யாருக்கு என்ன சந்தோஷம்?

மாட்டுப் பொங்கல் ராத்திரி, பழைய மாத நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அம்மா சொல்லச் சொல்ல எழுதினோம். நாற்பத்தொன்று வரை வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். இட்லி மாவு அத்தான் பங்குக்கு வந்தது.

காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பூம்புகார் போனோம். ஊறுகாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டோம், புளியோதரையோடு சமாளித்தோம். அம்மா வெகுநேரம் மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்து வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கேட்டார்: "நாளைக்கு மாவு?"

"கிளம்புறப்பவே ஊறப் போட்டாச்சு அத்தை. இப்ப அரைச்சிடுறேன்" என்றார் அத்தான்.

"வெந்தயம் போட்டீங்களா மாப்பிள்ளை?"

போடவில்லை. அத்தான் பேனாவை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் போனார்.