ஜி.பி.ஏ. ஏத்துற பாடங்கள்

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் தொழில் நெறி, தொடர்புத் திறன் போன்ற பொதுப் பாடங்களைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஜி.பி.ஏ. ஏத்துறதுக்கு", அதாவது மதிப்பெண் சராசரியைக் கூட்டுவதற்கு, என்பார்கள். என் அக்காள் மகனும் அதையேதான் சொன்னான். திட்ட மனம் வரவில்லை. மண்டபம் நிறைய மாணவர்கள், திரையில் ஸ்லைடு, முன்வரிசையைத் தவிர எல்லார் கையிலும் போன். குழு வேலை என்று ஒரு வீடியோ. அதையும் எடிட்டிங் தெரிந்த ஒருவனே முடித்துக் கொடுத்துவிடுவான்.

அதற்காக, "இவற்றைத் தூக்கிவிட்டு இன்னொரு கணக்குப் பாடம் வையுங்கள்" என்று சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. கோலாலம்பூரில் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். புதிதாக வரும் பட்டதாரிகளுக்குக் கணக்கு வருகிறது, மென்பொருள் வருகிறது. ஆனால் தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அறிக்கையில் "சுவர் சற்று ஈரமாக உள்ளது" என்று எழுதுகிறார்கள். பின்னால் தண்ணீர் தேங்கினால் சுவரின் மேல் அழுத்தம் ஏறும் என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். "துளைகளைச் சுத்தம் செய்யாமல் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று எழுதத்தான் கை வரவில்லை. குத்தகையாளர் வயதில் மூத்தவர், மேம்பாட்டாளர் அவசரப்படுத்துகிறார், மேலாளர் "பார்த்துக்கலாம்" என்கிறார். இதற்கு எந்த ஃபார்முலா உதவும்?

பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் 2009-இல் மலேசியா முழு உறுப்பினர் ஆனது. அந்த அங்கீகாரம் வேண்டுமென்றால் தொழில் நெறி, தொடர்புத் திறன், குழுவாக வேலை செய்வது எல்லாம் பட்டப்படிப்பில் இருந்தாக வேண்டும். இருக்கிறது, காகிதத்தில்.

என்னைக் கேட்டால் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி விபத்து ஒன்றே ஒரு செமஸ்டருக்குப் போதும். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் மூன்று 12 மாடி புளோக்குகளில் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். நிலச்சரிவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மலைச்சரிவில் வடிகால் சரியில்லை, தடுப்புச் சுவர்கள் சரியில்லை, மேலே மரங்களை அழித்திருந்தார்கள். 2000-இல் உயர் நீதிமன்றம் பொறுப்பாளிகள் என்று சொன்னவர்களில் பொறியாளரும் உண்டு, நகராண்மைக் கழகமும் உண்டு. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தக் கழகத்தை விடுவித்துவிட்டது. ஏன் விடுவித்தது, அது நியாயமா என்று மாணவர்கள் சண்டை போடட்டும். அப்புறம் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் எழுதட்டும், 1993-க்கு முன்னால் அந்த மலையைப் பார்த்த பொறியாளராக நினைத்துக்கொண்டு. மண்ணியல் விரிவுரையாளரும் சட்ட விரிவுரையாளரும் சேர்ந்து திருத்தட்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே என்பார்கள். பணி ஓய்வு பெற்ற பொறியாளர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்டுப் பாருங்கள், தே தாரிக் வாங்கிக் கொடுத்தாலே வந்துவிடுவார்கள்.