முன்பெட்டி பின்பெட்டியான கதை

அந்த வீடியோவை இன்னும் எனக்கு அனுப்பாதவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. பர்மிங்காமில் ஏறி பார்மத் கடற்கரைக்குப் போகவேண்டிய குடும்பம் அபெரிஸ்ட்வித்தில் போய் இறங்கி, "வேல்ஸ் ரயில்வே நம்மள ஏமாத்திடுச்சு மக்களே" என்று புலம்புகிற அதே வீடியோதான். தம்பி நன்றாகப் படம் எடுக்கிறார், மறுப்பதற்கில்லை. ஆனால் நடுவே, மக்கன்லெத் பிளாட்ஃபாரக் கோடியில் நோட்டுப் புத்தகத்தோடு நின்ற இரண்டு பெரியவர்களை ஜூம் பண்ணி, "வேலைவெட்டி இல்லாம ட்ரெயின் நம்பர் எழுதிட்டு நிக்கிறாங்க பாருங்க" என்று சிரித்தாரே, அந்த இடத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

தம்பி, அந்தப் பெரியவர்கள் எழுதிய நம்பரை நீங்களும் ஒரு தரம் பார்த்திருந்தால் பார்மத்தில் இறங்கியிருப்பீர்கள்.

என்ன நடந்தது என்று வீடியோவிலேயே தெரிகிறது. இது ஒட்டி ஓடுகிற ரயில். மக்கன்லெத்தில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கும், மறுபாதி பார்மத் வழியாகப் புல்ஹெலிக்கும் போகும். "முன்னாடி ரெண்டு பெட்டின்னு சொன்னாங்க, முன்னாடிதான் உக்காந்தோம்" என்கிறார். சரிதான். எந்த ஊரில் முன்னாடி? பர்மிங்காமிலிருந்து வருகிற ரயில் ஷ்ரூஸ்பரிக்குள் ஒரு பக்கமாக நுழைகிறது. வேல்ஸுக்குள் போகிற கேம்ப்ரியன் லைனைப் பிடிக்க, வந்த பக்கமாகவே திரும்ப வெளியேறி, பிறகு வேறு தடத்துக்குத் திரும்ப வேண்டும். டிரைவர் இறங்கி மறுகோடிக்கு நடக்கிறார். முன்பெட்டி பின்பெட்டி ஆகிவிடுகிறது. அந்தக் காட்சியும் வீடியோவில் இருக்கிறது! டிரைவர் பையோடு ஜன்னல் ஓரமாக நடந்து போகிறார், தம்பி சாண்ட்விச் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

இதனால்தான் இந்த லைனில் முன், பின் என்பதை நம்பவே கூடாது. யூனிட் நம்பரைத்தான் நம்ப வேண்டும். இங்கே நெடுநாளாக ஓடுவது 158 வகை, இரண்டிரண்டு பெட்டியாக ஒரு யூனிட். இந்த லைனுக்கென்று ஒதுக்கியவை 158818 முதல் 158841 வரை 24 யூனிட்டுகள். நம்பர் முகப்பிலேயே எழுதியிருக்கும். ஏறும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்ரூஸ்பரி தாண்டியதும் டிக்கெட் பார்க்க வருகிற கார்டிடம் அந்த நம்பரைச் சொல்லி, "இது புல்ஹெலி போகிற பாதியா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பதறவேண்டாம், 158-க்கு இரண்டு கோடியிலும் நடைவழி உண்டு. இணைந்து ஓடும்போதே அடுத்த யூனிட்டுக்கு நடந்து போய்விடலாம். மக்கன்லெத்தில் கழற்றிய பிறகு அது முடியாது. எந்தப் பாதி எந்த ஊருக்கு என்று மனப்பாடமும் பண்ணாதீர்கள், அன்றைக்குக் கார்டு சொல்வதுதான் கணக்கு.

கழற்றுவதும் ஏதோ கொக்கியை எடுத்துவிடுகிற வேலை இல்லை. நடைவழிக் கதவுகளை மூடிப் பூட்ட வேண்டும். கப்ளரில் இழுவை, காற்று, மின்சாரம் மூன்றும் ஒன்றாகவே இணைந்திருப்பதால் மூன்றும் ஒன்றாகவே விடுபடும். பிறகு இரண்டு பாதியும் இரண்டு தனி ரயில். ஒவ்வொரு டிரைவரும் தன் அடையாள எண், ரயில் எண், ரயிலின் நீளம் முதலான விவரங்களைத் திரையில் ஏற்றி, ரேடியோ வழியாகக் கட்டுப்பாட்டு மையத்தோடு இணைந்து, ஓட அனுமதி வாங்க வேண்டும். ரேடியோ இணைப்பு கிடைக்கத் தாமதமானால் ரயில் நகராது. தம்பி "சும்மாவே நிக்குது, தூங்குறாங்க போல" என்றது இந்த நேரத்தைத்தான்.

அடுத்து "சிக்னலே இல்லாத ஓட்டை லைன்" என்ற வசனம். இதற்குக் கீழே இருநூறு சிரிப்பு எமோஜி. சிரித்தவர்கள் கவனிக்கவும்: பிரிட்டனிலேயே முதன்முதலாக ஐரோப்பிய முறைப்படி, கம்பத்துச் சிக்னல் இல்லாமல், டிரைவரின் மேசைத் திரைக்கே சிக்னலைக் கொண்டுவந்த லைன் இது. 2011-ல். ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறை, ஈடிசிஎஸ், இரண்டாம் நிலை. ஸ்லீப்பர் கட்டைகளின் நடுவே மஞ்சள் பெட்டி மாதிரி இருக்கிறதே, அது பலீஸ். ரயில் அதன்மேல் போகும்போது தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. அதை ரேடியோவில் மக்கன்லெத் மையத்துக்குச் சொல்கிறது. முன்னால் பாதை காலியா என்பதை அச்சு எண்ணும் கருவிகள் சொல்கின்றன. அதை வைத்து மையம் "இதுவரை போகலாம், இந்த வேகத்தில்" என்று திரைக்கு அனுப்புகிறது. மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு பிரேக் தானாகவே விழும். வேகம்கூட மைலில் இல்லை, கிலோமீட்டரில். வழியோரம் நீலப் பலகையில் மஞ்சள் அம்பு தெரிந்தால் அதுதான் நிற்கவேண்டிய எல்லை. நம்மூரில் ரயில் மோதலைத் தடுக்கும் கவச் வந்தபோது மார்தட்டியவர்கள், அதே மாதிரி வேலையைச் செய்கிற ஒன்று இங்கே ஓடும்போது "சிக்னல் வைக்கக் காசில்லை" என்கிறார்கள்.

"ரெண்டே பெட்டி, கூட்டம் பிதுங்குது" என்ற புகாருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கார்டிஃபில் சும்மா நிற்கிற யூனிட்டைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஈடிசிஎஸ் கருவி பொருத்தாத வண்டி இந்த லைனுக்குள் வரவே முடியாது. தண்டவாள வேலைக்கு எஞ்சின் வேண்டும் என்றால்கூட, பழைய 37 வகையில் கருவி பொருத்தி 97 என்று பெயர் மாற்றிய நான்கு எஞ்சின்கள், 97301 முதல் 97304 வரை, அவற்றைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்க வேண்டும். புதிய 197 வகை மொத்தம் 77, அதில் இந்த லைனுக்கென்று கருவியோடு 21. அந்த இரண்டு பெட்டி 197-ல் கழிப்பறை ஒன்றே ஒன்று என்பது கொடுமைதான். அதில் நான் தம்பி பக்கம். ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சீட் துணியின் நிறத்தைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார்.

இப்போது வருவார்கள்: "பயணிக்கு எதுக்குங்க யூனிட் நம்பர்? ரயில்வேதானே தெளிவா சொல்லணும்?" சொன்னார்கள். வீடியோவில் பின்னணியில் அறிவிப்பு இரண்டு மொழியிலும் கேட்கிறது, தம்பி அதன்மேல் பாட்டு போட்டிருக்கிறார். சரி, அறிவிப்பு இன்னும் உரக்க இருக்கலாம், ஷ்ரூஸ்பரியில் திசை மாறுவதை பர்மிங்காமிலேயே சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நம்பர் எழுதுகிறவரைக் கிண்டல் பண்ணுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கூட்டம் இதே லைனில் டலெர்த்திக் என்ற இடத்தில் நடந்த விபத்தைத் தூக்கிக்கொண்டு வரும். "அவ்வளவு நவீனம்னா 2024 அக்டோபர் 21 அன்னைக்கு ரெண்டு ரயில் எப்படி மோதிச்சு?" இதைக் கேலியோடு கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அங்கே ஒரு பயணி இறந்திருக்கிறார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்களுக்கு: லூப்பில், அதாவது எதிர் ரயிலுக்கு வழிவிட ஒதுங்கும் பக்கப் பாதையில், நிற்கவேண்டிய ரயில் பிரேக் போட்டும் நிற்காமல் வழுக்கி, லூப்பைத் தாண்டி, ஒற்றைப் பாதையில் எதிரே வந்த ரயிலை மோதியது. இலையுதிர் காலத்தில் நசுங்கிய இலை தண்டவாளத்தில் ஒரு மெல்லிய வழுக்குப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது சக்கரத்தின் முன்னே மணல் விழவேண்டும். அந்த மணல் வருகிற குழாய்கள் அடைத்திருந்ததாக விசாரணைப் பிரிவு ஆரம்பத்திலேயே சொன்னது. கணினி பிரேக் போடச் சொல்லலாம், பிடிப்பு இல்லாத சக்கரத்தை அதனால் நிறுத்த முடியாது. 2017-ல் லானேபர் பக்கம் தற்காலிக வேகக் கட்டுப்பாடு திரையிலிருந்தே காணாமல் போய், 30-ல் போகவேண்டிய இடத்தில் ரயில்கள் 80-ல் போனதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கண்டுபிடித்த மாதிரி கமென்ட்டில் போடவேண்டாம். அதைக் கவனித்துச் சொன்னதும் ஒரு டிரைவர்தான். பாதையை மனதில் வைத்திருக்கிற மனிதர்.

தாமதம் என்றும் புலம்பினார். ஒற்றைப் பாதை ஐயா. கடலோரப் பக்கம் ரயில்கள் எதிரெதிரே விலக டவின், பார்மத், ஹார்லெக், போர்த்மடாக் ஆகிய இடங்களில்தான் லூப். ஒன்று பத்து நிமிடம் பிந்தினால் எதிரே வருவது லூப்பில் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தத் தாமதம் அடுத்த லூப்புக்கும் தொற்றும்.

இந்த லைன் இன்றைக்கு இருப்பதே பெரிய விஷயம். 1960-களில் பீச்சிங் அறிக்கையை ஒட்டி நஷ்டப் பாதைகளை மூடியபோது இதைச் சுற்றி இருந்த பாதைகள் பல போயின. அஃபோன் வென்னிலிருந்து கார்னார்வனுக்கு, ருவாபனிலிருந்து பார்மத்துக்கு, அபெரிஸ்ட்வித்திலிருந்து கார்மார்தனுக்கு, எல்லாம் 1964, 65-ல் மூடினார்கள். இது தப்பியது. ஃப்ரியோக் பாறைச் சரிவில் 1883-லும் 1933-லும் எஞ்சின் மலையிலிருந்து கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் 1936-ல் தண்டவாளத்தின் மேல் கான்கிரீட் கூரை கட்டினார்கள்.  2014 ஜனவரிப் புயலில் கடல் பாதையைத் தின்றது, புல்ஹெலி வரை மீண்டும் ரயில் ஓட செப்டம்பர் ஆனது. 1867-ல் திறந்த பார்மத் பாலத்துக்கு 113 மரத் தாங்கிகள். 1980-ல் கப்பல்புழு அரித்தது தெரிந்து பாலத்தின் கதையே முடியும் நிலை. 2020 முதல் 2023 வரை மூன்று தவணையாகப் பாதையை மூடி, மூன்று கோடி பவுண்டு செலவில் மரமும் இரும்பும் மாற்றினார்கள். அந்தப் பாலத்தைத் தம்பி பார்க்கவே இல்லை, ஏனென்றால் அபெரிஸ்ட்வித் பாதியில் உட்கார்ந்திருந்தார்.

வலிப்பது எங்கே என்றால், சிரித்தவர்களில் பாதிப்பேர் என் நண்பர்கள். கிரிக்கெட்டில் எந்த மேட்ச்சில் எந்த ஓவரில் யார் அவுட் என்று ஒப்பிப்பவர் ரசிகர். 97303 எப்போது எந்தப் பக்கம் போனது என்று சொல்பவர் பைத்தியம். அந்தப் பெரியவர்கள் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான் நின்றார்கள், ஃபிளாஷ் அடிக்கவில்லை, டிரைவரின் கண்ணில் எதையும் காட்டவில்லை. செல்ஃபி ஸ்டிக்கைக் கோட்டுக்கு வெளியே நீட்டியது யார் என்பதை வீடியோவில் நீங்களே பாருங்கள். முகம் தெரியாத இரண்டு பேரைச் சிரிப்புக்கு விற்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள், "நீங்கள் தப்பான யூனிட்டில் இருக்கிறீர்கள்" என்று.

கோடையில் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. தப்பான பாதியில் இருப்பது மக்கன்லெத்துக்குப் பிறகு தெரிந்தால் இரண்டு பாதையும் பிரிகிற டவி ஜங்ஷனில் இறங்கி மாறலாம், ஆனால் அடுத்த ரயில் நேரத்தைப் பார்க்காமல் இறங்காதீர்கள். அங்கே வண்டி வருகிற ரோடு கிடையாது, டீக்கடை கிடையாது, ஆற்றோரச் சதுப்பு நிலம்தான். கடலோர ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. இன்னொன்று, லாண்டன்வக், டோன்ஃபனாவ் மாதிரிச் சின்ன நிறுத்தங்களில் கை காட்டினால்தான் ரயில் நிற்கும். நிழற்குடைக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் டிரைவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், போய்க்கொண்டே இருப்பார். இறங்க வேண்டுமானால் கார்டிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எந்த ரயில், எந்தப் பாதி என்று கேட்பவர்கள் கமென்ட்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று கேட்க வருபவர்கள் அந்த வீடியோவுக்குக் கீழேயே இருந்துகொள்ளலாம், அங்கே கூட்டம் ஜாஸ்தி.