பெரியப்பா முறை

(எகிப்தின் நவுக்ராதிஸ் துறைமுகம், அமாசிஸ் மன்னன் ஆண்ட கி.மு. 570–526 காலம். ஒன்பது கிரேக்க நகரங்கள் பொதுவில் எழுப்பிய ஹெல்லேனியோன் கோயிலின் வாசல் நிழலில், கியோஸ் தீவின் மது வணிகரும் ரோட்ஸ் தீவின் எண்ணெய் வணிகரும் அமர்ந்திருக்கிறார்கள். அயோனியர், தோரியர், அயோலியர் என்போர் கிரேக்க இனத்தின் கிளைகள்; கியோஸ்காரர் அயோனியர், ரோட்ஸ்காரர் தோரியர்.)

ரோட்ஸ்காரர்: ஐயா, நான் தோரியன் என்று மூன்று முறை சொல்லியும், "கடல் கடந்து வந்து இப்படிக் கத்துகிறவர்கள் எல்லாரும் அயோனியர்தான்" என்று சொல்லிச் சுங்கக் கணக்கர் என்னை அயோனியர் பட்டியலில் எழுதிவிட்டார்.

கியோஸ்காரர்: அதற்கு ஏன் இத்தனை வருத்தம்? நான் பிறவியிலேயே அயோனியன். என் பெயரை இரவலாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகத் திருப்பித் தர வேண்டாம்.

ரோட்ஸ்காரர்: இரவலா! தியூகாலியோனின் மகன் ஹெல்லேன்; அவனுக்குப் பிள்ளைகள் தோரோஸ், சூதோஸ், அயோலோஸ் என மூவர்; உங்கள் குலமுதல்வன் அயோன் அந்தச் சூதோஸுக்குப் பிறந்தவன். ஆகவே முறைப்படி எங்கள் தோரோஸ் உங்கள் அயோனுக்குப் பெரியப்பா.

கியோஸ்காரர்: பெரியப்பாவா சித்தப்பாவா என்று பிரசவம் பார்த்தவளைத்தான் கேட்க வேண்டும். கிரேக்கர் நம் எல்லாருக்கும் பொதுவான பெயராக 'ஹெல்லேனர்' என்று சொல்லியிருக்கலாமே?

ரோட்ஸ்காரர்: சொன்னேன். "ஹெல்லாஸ் என்னும் உங்கள் நாடு எங்கே இருக்கிறது, அதன் அரசன் யார்?" என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

கியோஸ்காரர்: எங்கள் ஊர்க்காரர் ஹோமரின் பாட்டில் ஹெல்லாஸ் என்பது தெசலிப் பக்கம் அக்கிலீஸின் ஆட்கள் வாழ்ந்த ஒரு சிறு நிலம். ட்ராய்மீது படையெடுத்த அனைவரையும் அவர் அக்காயர் என்பார், தனாயர் என்பார், சற்று நேரத்தில் ஆர்கோஸ்காரர் என்பார்.

ரோட்ஸ்காரர்: ஒரே படைக்கு மூன்று பெயர்கள் எதற்கு?

கியோஸ்காரர்: அடியின் ஓசைக்கு எது பொருந்தியதோ அதை வைத்தார். அவர் யாருக்கும் சுங்கம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

ரோட்ஸ்காரர்: ஹோமர் உங்கள் ஊர்க்காரர் என்பதை நான் ஒப்புக்கொண்டதாக நினைக்காதீர்கள்.

கியோஸ்காரர்: நல்லது. நம் மொழியும் தெய்வங்களும் எந்தக் கரையில் இருக்கின்றனவோ அந்தக் கரையெல்லாம் ஹெல்லாஸ்தான். அயோனியர் நகரங்கள் நான்கு, தோரியர் நகரங்கள் நான்கு, அயோலியர் சார்பில் மிதிலேனே ஒன்று என ஒன்பதும் சேர்ந்து கட்டிய இந்தக் கோயிலைவிட ஒற்றுமைக்குச் சான்று வேண்டுமா?

ரோட்ஸ்காரர்: அப்படியானால் இதே ஊரில் இருக்கும் மற்ற மூன்று கோயில்கள்?

கியோஸ்காரர்: ஈஜினாக்காரர் ஸியூஸுக்கும், சாமோஸ்காரர் ஹேராவுக்கும், மிலேத்தோஸ்காரர் அப்போலோவுக்கும் தனியே கட்டிக்கொண்டவை.

ரோட்ஸ்காரர்: அவர்களும் ஹெல்லேனர்தானே?

கியோஸ்காரர்: ஹெல்லேனர்தான், பொதுச் செலவு என்றால் மட்டும் சற்று மறந்துவிடுகிற ஹெல்லேனர்.

(கணக்கரைக் குறை சொல்லவும் முடியாது. பாரசீகரும் கிரேக்கர் அனைவரையும் அயோனியரின் பெயரால் 'யவுனா' என்றே குறித்தனர். சங்கப் பாடல்களின் 'யவனர்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். மேற்கே ரோமர் இவர்களுக்கு வைத்த 'கிரேக்கி' என்ற பெயரைத்தான் நாம் இன்று வழங்குகிறோம்.)

ரோட்ஸ்காரர்: ஹெல்லேனரும் வேண்டாம், அயோனியரும் வேண்டாம், 'ரோட்ஸ்காரர்' என்று எழுதச் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன்.

கியோஸ்காரர்: அந்தத் தீவில் மூன்று நகரங்கள் உண்டே, லிந்தோஸா, யாலிசோஸா, காமிரோஸா என்று கணக்கர் கேட்பாரே?

ரோட்ஸ்காரர்: லிந்தோஸ்! அந்த யாலிசோஸ்காரர்களோடு என்னைச் சேர்த்து எழுதுவாரானால், அயோனியர் பட்டியலிலேயே இருந்துவிடுகிறேன்.