பழைய கம்ப்யூட்டரத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அந்த டிஸ்கெட் டப்பாவப் பாருங்க

பழைய கம்ப்யூட்டர் சேக்குற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இத சொல்லணும்னு கொஞ்ச நாளாவே மனசுல கெடக்கு. ஆப்பிள் டூ, கமடோர் 64, ஆரம்பகால மேக்கின்டாஷ்னு தேடித் தேடி வாங்குறோம், மஞ்சளாப் போன பிளாஸ்டிக்ல பெராக்சைடு தடவி வெள்ளையாக்குறோம், கண்ணாடி ஷெல்ஃப்ல லைட் போட்டு அடுக்குறோம். ஆனா கூட வந்த டிஸ்கெட், அதான் ஃப்ளாப்பி டிஸ்க், அந்த டப்பாவ மட்டும் யாரும் தொடுறதில்ல. என்னக் கேட்டா மெஷின விட அதுதான் பெருசு, அதுவும் ஒரு தமிழ் வீட்டுலேருந்து வந்திருந்தா கண்டிப்பா பெருசு.

இப்ப ஃபோன்ல தட்டுற தமிழ் எங்க அனுப்பினாலும் தமிழாவே போய்ச் சேருது, யூனிகோட்னு எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறை இருக்குறதால. யூனிகோட்ல தமிழ் 1991லயே வந்துடுச்சு, ஆனா விண்டோஸுக்குள்ள அது ஒழுங்கா வந்தது விண்டோஸ் 2000லதான். அதுக்கு முன்னாடி ஃபாண்ட் செஞ்சவங்க ஒவ்வொருத்தரும் இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல அவங்கவங்க கணக்குக்கு தமிழ் எழுத்த வச்சாங்க, அந்த ஃபாண்ட் இல்லாத மெஷின்ல அதே ஃபைலத் தொறந்தா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கண்டபடி வரும், தமிழ்னே தெரியாது. மலேசியாவுல முரசுங்கற தமிழ் மென்பொருள் 1985ல ஆரம்பிச்சது, நம்ம சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி ஐயா கணியன்னு ஒன்னு கொண்டு வந்தாரு, 1997ல தமிழ்நெட்ங்கற தமிழ் இணைய மாநாடே இங்கதான் நடந்துச்சு. 1999ல சென்னை மாநாட்டுக்கு அப்புறம் டாம், டாப்னு ஃபாண்டுக்கெல்லாம் ஒரு பொது முறை வந்துச்சு, அதே வருஷம் கோவிந்தசாமி ஐயாவும் போயிட்டாரு. அந்தக் காலத்துல இங்க எழுதின கதை, மேடை நாடகம், கோயில் திருவிழா மலர், பள்ளிக்கூடப் பயிற்சித்தாள் எல்லாம் எங்க இருக்கும்னு நெனைக்கிறீங்க? ஏதோ ஒரு அடுக்குமாடி ப்ளாக்ல ஒரு வீட்டு ஸ்டோர் ரூம்ல ஷூ டப்பாவுக்குள்ள.

சிம் வோங் ஹூ 1981ல பேர்ல்ஸ் சென்டர்ல சின்ன ரிப்பேர் கடையா ஆரம்பிச்ச க்ரியேட்டிவ், அவங்களோட பேர்போன சவுண்ட் கார்டு சவுண்ட் பிளாஸ்டர் வர்றதுக்கு முன்னாடியே 1986ல சீனத்துக்குன்னே க்யூபிக் சிடின்னு ஒரு கம்ப்யூட்டர் செஞ்சுச்சு. பெருசா விக்கல, ஆனா இன்னைக்கு ஒன்னு கையில கெடச்சா அந்த மெஷினே கதை சொல்லும். நாமளோ அடுத்தவங்க மெஷின்ல ஃபாண்ட் ஏத்தி எழுதினவங்க. நம்ம கதை டிஸ்கெட்லதான் இருக்கு.

ஆங் மோ கியோல ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேக்கின்டாஷ் க்ளாசிக், பையன் ஈ-வேஸ்டுக்குக் குடுக்க வாசல் வரைக்கும் கொண்டு வந்து வச்சிருந்தாரு. கூடவே ஒரு டப்பா டிஸ்கெட். எல்லாம் பழைய 800 கிலோபைட் மேக் டிஸ்க், அத இப்ப கடையில விக்கிற யூஎஸ்பி ட்ரைவ்ல போட்டா படிக்காது, ஏன்னா மேக் அந்த டிஸ்க சுத்துற வேகத்த உள்வட்டத்துக்கு ஒன்னு வெளிவட்டத்துக்கு ஒன்னுன்னு மாத்தி மாத்திதான் எழுதியிருக்கும். அதனால மெஷினத்தான் உயிர்ப்பிக்கணும். போர்டுல கெப்பாசிட்டர் எல்லாம் கசிஞ்சு கெடந்துச்சு, கழுவி, மாத்தி, ஆன் பண்ணா ஹார்ட் டிஸ்க்குக்குள்ள அவரு போட்ட தமிழ் ஃபாண்ட் அப்படியே இருக்கு! பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு எழுதின நாடகம் ஒன்னு ஸ்க்ரீன்ல வந்துச்சு, நான் ஒரு வசனத்தப் படிக்க படிக்க அடுத்த வசனத்த ஐயா பாக்காமலே சொல்றாரு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, சும்மா சொல்லல.

சில பேரு சொல்றாங்க, பழச ஆன் பண்ணா கெட்டுப்போயிடும், சும்மா வச்சுப் பாத்தா போதும்னு. நான் ஒத்துக்க மாட்டேன். செக் பண்ணாம சட்டுனு ப்ளக்ல சொருகறது தப்புதான், அது வேற. ஆனா ஷெல்ஃப்ல வச்ச மெஷினுக்குள்ள பழைய பேட்டரி கசிஞ்சு போர்ட தின்னுக்கிட்டுதான் இருக்கும், வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும். டிஸ்கெட்டுக்கு அதவிட மோசம், நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்சை பிடிச்சிடும். பழைய பொருள் விக்கிற சுங்கை ரோடு சந்தை 2017ல மூடினதுலேருந்து இதெல்லாம் தற்செயலா கண்ணுல படுறதும் கொறஞ்சு போச்சு, வீட்டுலேருந்து நேரா குப்பைக்குப் போகுது.

அதனால வீட்டுல தாத்தாவோடதோ அப்பாவோடதோ இருந்தா மெஷினையும் டிஸ்கெட்டையும் பிரிக்காதீங்க. ஹார்ட் டிஸ்க அழிச்சுட்டுக் குடுக்காதீங்க, ஃபாண்ட் அதுலதான் இருக்கும், அது போனா ஃபைல் இருந்தும் படிக்க முடியாது. டிஸ்கெட்டோட ஷட்டரத் தள்ளிப் பாத்து வெள்ளைப் புள்ளியா பூஞ்சை இருந்தா எந்த ட்ரைவ்லயும் போடாதீங்க, ட்ரைவும் சேந்து போயிடும். க்ரீஸ்வீசல்னு ஒரு சின்ன போர்டு இருக்கு, பழைய ட்ரைவ்ல மாட்டினா டிஸ்கெட்ல இருக்கற காந்தப் பதிவ அப்படியே எடுத்துடும், என்ன ஃபார்மட்னு அப்புறம் பாத்துக்கலாம். எங்கிட்ட ஒன்னு இருக்கு, இன்பாக்ஸ்ல வாங்க, காசெல்லாம் வேணாம். டிஸ்கெட் மேல ஒட்டியிருக்க லேபிளக் கிழிச்சிடாதீங்க, என்ன ஃபாண்ட்னு பாதிப் பேரு அதுலதான் பேனாவுல எழுதி வச்சிருக்காங்க.